விஏ பேக் பே எந்தத் தேதியிலேருந்து வரும்? பீடோங் அக்காவுக்கு ஒரு பதில்

வணக்கம் அக்கா. லெட்டர் கெடச்சுது. தம்பிக்கு வந்த முடிவு லெட்டர மொத்தமா ஃபோன்ல படம் புடிச்சி அனுப்புனீங்க பாருங்க, அதுதான் பெரிய உதவி. அது இல்லாட்டி நீங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு போயிருப்பேன், நீங்க கேக்காத ஒண்ணுதான் இதுல ரொம்ப அவசரம்.

மத்தவங்களுக்கும் புரியணும்ல, அதனால அக்கா எழுதுனத சுருக்கமா சொல்லிடறேன். அக்கா கெடாவுல பீடோங் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவங்க, இப்ப டவுன்ல தையல் கடை வச்சிருக்காங்க. தம்பி படிக்கப் போன எடத்துல 2014-ல அமெரிக்க ஆர்மில சேந்துட்டாரு. மலேசியாக்காரன் எப்படி அங்க சேர முடியும்னு கேப்பீங்க, அப்போ மாவ்னின்னு ஒரு திட்டம் இருந்துச்சு, கிரீன் கார்டு இல்லாட்டியும் அவங்களுக்கு வேண்டிய பாஷ தெரிஞ்சிருந்தா எடுத்துக்குவாங்க, அந்த பாஷ லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு மலாயும் இருந்துச்சு. 2016-க்கு அப்புறம் அதுல ஆள் எடுக்கறத நிறுத்திட்டாங்க. தம்பி அங்கயே சிட்டிசன் ஆயிட்டாரு, 2019 ஜூன்ல நல்லபடியா டிஸ்சார்ஜ் வாங்கிட்டு, 2022-ல ஊருக்கு வந்து கல்யாணம் பண்ணிகிட்டு பொண்டாட்டி பேர்ல விசா போட்டு இருக்காரு. 2024 மார்ச்ல வலது முட்டி, காதுல எந்நேரமும் கேக்குற ரீங்காரம், இடுப்பு வலி மூணுக்கும் சேத்து விஏவுக்கு கிளைம் போட்டிருக்காரு. விஏன்னா அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தாரப் பாத்துக்கற இலாகா. ஊனம் எத்தன சதவீதம்னு பாத்துத்தான் விஏ மாசக் காசு குடுக்கும். 2024 நவம்பர் 14 தேதி போட்டு முடிவு வந்துச்சு, முட்டிக்கு 10 சதவீதம், காதுக்கு 10 சதவீதம், இடுப்புக்கு இல்லன்னுட்டாங்க. இப்ப வாட்சாப்ல ஒரு ஆளு, 2019-லேருந்து கணக்குப் போட்டு பேக் பே, அதாவது பழைய பாக்கிக் காசு, எடுத்துத் தரேன், முன்பணம் 3,000 ரிங்கிட், வர்ற காசுல 30 சதவீதம் எனக்குன்னு பேசறாராம். இத நம்பலாமா, இடுப்பு கேஸ் முடிஞ்சி போச்சா, காசு இங்க வந்தா வரி கட்டணுமா, இதான் அக்கா கேட்டது.

ஒரு சின்ன விஷயம் இங்கயே சொல்லிடறேன், நம்ம மலேசிய ராணுவத்துல 21 வருஷம் போட்டு பென்சன் வாங்கறவங்க, அதுக்கு முன்னாடியே வெளிய வந்தவங்க, யாரும் இதப் படிச்சிட்டு கொழம்ப வேணாம். உங்களுக்கு மலேசிய முன்னாள் ராணுவத்தாரப் பாத்துக்கற ஜேஎச்இவி இருக்கு, அது வேற சட்டம் வேற கணக்கு. நான் சொல்றது அமெரிக்க விஏ சங்கதி மட்டும்.

சரி அக்கா, அவசரத்துக்கு வரேன். லெட்டர் தேதி நவம்பர் 14. அதுலேருந்து ஒரு வருஷம், அதுதான் தம்பிக்கு இருக்குற டைம். இத நான் எழுதறப்ப 2025 ஆகஸ்ட் முடியப் போவுது. இந்த நவம்பர் 14-க்குள்ள இடுப்புக்காக சப்ளிமெண்டல் கிளைம்னு ஒண்ணு, இல்லன்னு சொன்னத புது ஆதாரத்தோட மறுபடி கேக்கறது, ஃபாரம் நம்பர் 20-0995, அது விஏ கைக்குப் போயி சேந்துடுச்சின்னா, நாளைக்கு இடுப்புக்கு சரின்னு முடிவானா காசு 2024 மார்ச் கிளைம்லேருந்தே கணக்காகும். ஒரு நாள் தாண்டிப் போச்சுன்னா? அப்பவும் போடலாம், யாரும் தடுக்க மாட்டாங்க, ஆனா அந்தப் புது ஃபாரம் போயி சேந்த தேதியிலேருந்துதான் காசு ஓடும், நடுவுல இருந்த மாசமெல்லாம் போச்சு. இதுக்குத்தான் சொல்றேன், அந்த வாட்சாப் ஏஜெண்ட் பேச்சக் கேட்டுகிட்டு இன்னும் ரெண்டு மாசம் இழுத்தீங்கன்னா நஷ்டம் உங்களுக்கு, அவருக்கு இல்ல.

பேக் பேன்னா என்னன்னே நெறைய பேரு தப்பா புரிஞ்சி வச்சிருக்காங்க. அடிபட்ட நாள்லேருந்து காசு வரும்னு நெனக்கறாங்க, இல்ல ஆர்மிய விட்டு வந்த நாள்லேருந்துன்னு நெனக்கறாங்க. ரெண்டும் இல்லக்கா. சட்டம் ரெண்டு தேதிய எடுத்து வைக்கும், ஒண்ணு நீங்க கிளைம் போட்ட தேதி, இன்னொண்ணு அந்த வியாதிக்கு தகுதி வந்த தேதி, ரெண்டுல எது பின்னாடி வருதோ அதான் தொடக்கம். அதுக்கப்புறமும் அந்த மாசம் காசு கெடையாது, அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலேருந்துதான். தம்பி மார்ச்ல போட்டாரு, அப்ப ஏப்ரல் 1. டிஸ்சார்ஜ் ஆன ஒரு வருஷத்துக்குள்ள, அதாவது 2020 ஜூனுக்குள்ள போட்டிருந்தா டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே தொடக்கமா எடுத்திருப்பாங்க, அந்த சலுகை இருக்கு. தம்பி போடல. ஊருக்கு ஓடி வரணும்ங்கற அவசரத்துல, 'நமக்கெல்லாம் எங்க குடுக்கப் போறான்'னு விட்டுட்டாருன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இந்த மாதிரி விடறவங்கதான் ஜாஸ்தி.

அதனால 2019-லேருந்து எடுத்துத் தரேன்ங்கறது வெறும் வாய்ப்பந்தல். முன்னாடி போறதுக்கு வழியே இல்லையான்னா, இருக்கு, ஆனா அதுக்கெல்லாம் ஒரு ஆதாரம் வேணும். டிஸ்சார்ஜுக்கு முன்னாடி 180 நாள்லேருந்து 90 நாளுக்குள்ள பேஸ்லயே கிளைம் போடற வழி ஒண்ணு இருக்கு, பிடிடின்னு சொல்வாங்க, தம்பி அப்ப எதாச்சும் கையெழுத்துப் போட்டாரா, விஏ அதுக்கு முடிவே சொல்லாம விட்டுருச்சான்னு கேட்டுப் பாருங்க. இல்லன்னா 'இன்டென்ட் டு ஃபைல்'னு, கிளைம் போடப் போறேன்னு முன்கூட்டியே தேதி புடிச்சி வைக்கற ஃபாரம், அது போட்டு ஒரு வருஷத்துக்குள்ள முழு கிளைம் போட்டா அந்தப் பழைய தேதிதான் கணக்கு. 2023-ல எப்பயாவது விஏவுக்கு ஃபோன் போட்டு அப்படி சொல்லியிருந்தா நல்லது. ரெண்டும் இல்லன்னா 2024 மார்ச்தான், யாரு வந்தாலும் அத மாத்த முடியாது. இத படிக்கற வேற யாராச்சும் இன்னும் கிளைமே போடலன்னா பேப்பரெல்லாம் சேரட்டும்னு காத்துகிட்டு இருக்காதீங்க, மொதல்ல அந்த தேதியப் புடிங்க, பேப்பர அப்புறம் தேடலாம்.

இப்ப இடுப்பு. லெட்டர்ல உங்களுக்கு எரிச்சலா இருந்த அந்த ரெண்டாவது பக்கத்தயே நான் ரெண்டு மூணு வாட்டி படிச்சேன், ஏன்னா அதுல நல்ல செய்தி ஒளிஞ்சிருக்கு. 'ஃபேவரபிள் ஃபைண்டிங்ஸ்'னு ஒரு தலைப்பு இருக்கு பாருங்க. விஏ எத ஒத்துகிச்சோ அத அங்க எழுதணும், எழுதிட்டா அப்புறம் லேசுல மாத்திப் பேச முடியாது. தம்பிக்கு அங்க ரெண்டு வரி போட்டிருக்காங்க: இடுப்புல இப்ப வியாதி இருக்கு, 2016-ல சர்வீஸ்ல இருக்கும்போது பாரம் தூக்கி இடுப்பு புடிச்சி சிக் கால், அதாவது ஆர்மி டாக்டர்கிட்ட, போனது ரெக்கார்ட்ல இருக்கு. ஒரு கிளைம் ஜெயிக்கறதுக்கு மூணு வேணும், இப்ப வியாதி, சர்வீஸ்ல நடந்த சம்பவம், ரெண்டையும் இணைக்கற டாக்டர் கருத்து. மூணுல ரெண்டு கைல இருக்கு. மூணாவதுதான் இல்ல. அவங்க அனுப்புன டாக்டர், டிஸ்சார்ஜுக்கு அப்புறம் வருஷக்கணக்கா இடுப்புக்கு வைத்தியம் பாத்த ரெக்கார்டே இல்ல, அதனால சம்பந்தம் இல்லன்னு எழுதிட்டாரு.

ரெக்கார்ட் இல்லாததுக்கு காரணம் நமக்குத் தெரியாதா? தோட்டத்துக்காரங்க இடுப்பு வலிக்கு ஆஸ்பத்திரிக்கா போறோம், கோடாலித் தைலம் தேச்சிகிட்டு படுக்கறோம், ரொம்ப முடியலன்னா எண்ண போட்டு நீவி விடற தாத்தாகிட்ட போறோம், இல்ல சின்சே கடையில ஒரு பிளாஸ்தர் வாங்கி ஒட்டிக்கறோம். தம்பியும் அதத்தான் பண்ணியிருக்காரு, 2022-ல வந்ததுலேருந்து கீழ உக்காந்து சாப்பிட முடியாம இருக்காருன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இத அப்படியே ஃபாரம் 21-10210-ல எழுதுங்க, சாட்சி வாக்குமூலம்னு அதுக்குத் தனி ஃபாரமே இருக்கு. 'என் தம்பி ரொம்ப கஷ்டப்படறான்'னு எழுதாதீங்க, அது எல்லாரும் எழுதறது. அமெரிக்காவுல இருக்கும்போதே வீடியோ கால்ல இடுப்பப் புடிச்சிகிட்டு நடந்தத எப்போ பாத்தீங்க, வீட்டுக்கு வந்தப்ப மாடிப்படி எப்படி ஏறுனாரு, எந்தக் காலுக்கு பாரம் குடுக்காம நடக்கறாரு, ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கறாரு, கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க. இங்லீஷ்ல எழுத வராட்டி வீட்டுப் பிள்ளைங்கள விட்டு எழுதச் சொல்லுங்க, கையெழுத்து நீங்க போடணும். தம்பி சம்சாரமும் தனியா ஒண்ணு எழுதலாம். சப்ளிமெண்டல் கிளைமுக்கு புதுசா, கேஸுக்கு சம்பந்தப்பட்ட ஆதாரம் எதாவது வேணும்ங்கறாங்க, உங்க வாக்குமூலமே அந்தக் கணக்குல சேரும்.

ஆனா ஜெயிக்கறதுக்கு டாக்டர் லெட்டர் வேணும். கிளினிக்ல போயி லெட்டர் கேட்டா என்ன எழுதுவாங்கன்னு தெரியுமே, 'லோ பேக் பெயின், ரெண்டு நாள் எம்சி', இத அனுப்பி பிரயோஜனம் இல்ல. சுங்கைப்பட்டாணியிலயோ பினாங்குலயோ ஒரு எலும்பு ஸ்பெஷலிஸ்டப் பாருங்க, மலேசிய டாக்டர் எழுதுனா செல்லாதுன்னு ஒண்ணும் இல்ல. போகும்போது 2016 சிக் கால் பேப்பர், விஏ முடிவு லெட்டர், முட்டி ரிப்போர்ட் எல்லாத்தயும் பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. டாக்டர் அதயெல்லாம் படிச்சேன்னு லெட்டர்ல எழுதணும், இல்லன்னா விஏ அத அவ்ளோவா மதிக்காம விட்டுடலாம். இப்ப இருக்கற இடுப்பு வியாதிக்கு 2016 சம்பவம் காரணமா இருக்க வாய்ப்பு 'அட் லீஸ்ட் ஆஸ் லைக்லி ஆஸ் நாட்'னு அதே வார்த்தையில எழுதச் சொல்லுங்க, அதாவது பாதிக்குப் பாதி இருந்தா போதும், கண்டிப்பா அதனாலதான்னு அவரு சத்தியம் பண்ண வேண்டியதில்ல. டாக்டருங்க பயந்துகிட்டு 'இருக்கலாம்'னு எழுதிடுவாங்க, அந்த 'இருக்கலாம்' ஒண்ணுக்கும் ஆவாது. ஏன் அப்படி நெனக்கறாருன்னு காரணமும் நாலு வரி வேணும்.

இன்னொரு கதவும் இருக்கு, போன தடவ கிளைம் போடும்போது தம்பி அத தட்டவே இல்ல. வலது முட்டிய விஏ ஏற்கெனவே ஒத்துகிச்சு. முட்டி வலியால வருஷக்கணக்கா நொண்டி நடந்து, அதனால இடுப்பு கெட்டுப் போச்சு, இல்ல ஏற்கெனவே இருந்தது மோசமாச்சுன்னு டாக்டர் எழுதுனா, இடுப்ப முட்டிக்குக் கீழ சேத்துக்குவாங்க, செகண்டரின்னு சொல்றது. டாக்டர்கிட்ட ரெண்டு கேள்விக்கும் பதில் எழுதச் சொல்லுங்க, நேரடியா சர்வீஸ்னால வந்துச்சா, முட்டியினால வந்துச்சா. ஒண்ணு விழுந்தாலும் இன்னொண்ணு நிக்கும்.

டாக்டர் லெட்டர் நவம்பருக்குள்ள கெடைக்காட்டி? ஃபாரத்தயும் உங்க வாக்குமூலத்தயும் மொதல்ல போட்டுடுங்க, லெட்டர் கெடச்சதும் பின்னாடியே சேத்து விடுங்க. தபால்ல அனுப்பாதீங்க, இங்கேருந்து போற தபால் என்னைக்கு போயி சேரும்னு யாரு கண்டா, தம்பியோட விஏ அக்கவுண்ட்ல உள்ள போயி ஆன்லைன்ல போட்டா அன்னைக்கே தேதி விழும், அந்த ரசீதப் படம் புடிச்சி வச்சுக்குங்க. மேல்நிலை மறுபரிசீலனைன்னும் ஒரு வழி இருக்கு, விஏவோட அப்பீல் போர்டுல ஜட்ஜ்கிட்ட போற வழியும் இருக்கு. மறுபரிசீலனையில புது ஆதாரம் ஒண்ணும் சேக்க முடியாது, போர்டு ரொம்ப நாள் இழுக்கும். தம்பி கேஸ்ல இல்லாதது ஆதாரம்தான், அதனால சப்ளிமெண்டல்தான் சரி. அதுவும் இல்லன்னு வந்தா அந்த லெட்டர் தேதியிலேருந்து மறுபடி ஒரு வருஷம், அதுக்குள்ள அடுத்தத போட்டா 2024 மார்ச் தேதி உயிரோட இருக்கும்.

காசு கணக்கு சொல்றேன், இது நெறைய பேருக்குத் தலை சுத்தும். விஏ சதவீதத்த சும்மா கூட்டாது, மிச்சம் இருக்கற நல்ல உடம்புலேருந்து கழிக்கும். இடுப்புக்கு 20 குடுத்தாங்கன்னு வச்சிக்குவோம். 100-ல 20 போனா 80 மிச்சம். முட்டிக்கு 10, அது 80-ல 10 சதவீதம், 8, ஆக 28 போச்சு, மிச்சம் 72. காதுக்கு 10, அது 72-ல 7 சொச்சம், மொத்தம் 35. அத பத்துக்கு ரவுண்ட் பண்ணுவாங்க, 5-ல முடிஞ்சா மேல ஏறும், அப்ப 40. இடுப்புக்கு 10 மட்டும் குடுத்தாங்கன்னா மொத்தம் 27 வரும், ரவுண்ட் பண்ணா 30. காது ரீங்காரத்துக்கு 10-க்கு மேல குடுக்கவே மாட்டாங்க, ஏஜெண்ட் அதயும் ஏத்தித் தரேன்னு சொல்லியிருந்தா அதுவும் பொய்.

2025 ரேட்ல 20 சதவீதத்துக்கு மாசம் 346.95 டாலர், 40-க்கு தனி ஆளுக்கு 774.16 டாலர், சம்சாரத்தயும் சேத்தா 859.16. 30-ம் அதுக்கு மேலயும் இருந்தாத்தான் சம்சாரம், பிள்ளைங்க, தம்பி காசுலயே இருக்கற அப்பா அம்மாவுக்குன்னு கூட்டிக் குடுப்பாங்க, 20-ல அது கெடையாது, அதான் இவ்ளோ நாள் வரல. 40 கெடச்ச லெட்டர் வந்த ஒரு வருஷத்துக்குள்ள சம்சாரத்துக்கு ஃபாரம் 21-686சி போட்டுடணும், மறந்துடாதீங்க. சம்சாரத்த விட்டுட்டு தனி ஆள் கணக்குலயே பாத்தா, 2024 ஏப்ரல்லேருந்து நவம்பர் வரைக்கும் பழைய ரேட்ல மாசம் 416.79 வித்தியாசம், டிசம்பர்லேருந்து 427.21, 2025 ஆகஸ்ட் வரைக்கும் கூட்டுனா 7,179 டாலர் சொச்சம். 2025 ஆகஸ்ட் ரேட்ல ரிங்கிட்டுக்கு மாத்துனா 30,000 பக்கம் வருது. நவம்பர் 14-ஐ தவற விட்டா போறது இந்தக் காசுதான்.

ஃபாரம் போனதும் மறுபடி பரிசோதனைக்கு கூப்பிட வாய்ப்பு இருக்கு. வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு விஏ கான்ட்ராக்ட் கம்பெனி மூலமா ஏற்பாடு பண்ணும், ஃபோன் தெரியாத நம்பர்லேருந்து வரும், ஈமெயில் ஸ்பேம்ல போயி விழும். இப்ப ஸ்கேமர் தொல்லையால யாரும் தெரியாத நம்பர எடுக்கறது இல்ல, அப்படி எடுக்காம விட்டு பரிசோதனைக்குப் போவலன்னு கேஸ் விழுந்து போனவங்க இருக்காங்க. தம்பிய தினமும் ஸ்பேம் பெட்டிய பாக்கச் சொல்லுங்க. கேஎல்ல வரச் சொன்னாலும் போயிடணும். அங்க டாக்டர் கோணம் அளக்கற ஒரு கருவி வச்சி முன்னால குனியச் சொல்வாரு. முழுசா குனிஞ்சா 90 டிகிரி. 30-க்கு மேல குனிய முடிஞ்சி 60-ஐத் தாண்ட முடியலன்னா 20 சதவீதம், 60-ஐத் தாண்டி 85 வரைக்கும் குனிய முடிஞ்சா 10. நம்ம ஆம்பளைங்க பழக்கம் தெரியுமே, டாக்டர் முன்னாடி பல்லக் கடிச்சிகிட்டு கால் விரலத் தொட்டுக் காட்டிட்டு, வெளிய வந்து காருக்குள்ள ஏற முடியாம நிப்பாங்க. வலி எங்க ஆரம்பிக்குதோ அங்கயே 'இங்க வலிக்குது'ன்னு வாய் விட்டுச் சொல்லணும். வலி முத்துற நாள்ல எப்படி இருக்கும், மாசத்துல எத்தன தடவ அப்படி ஆவுது, அதயும் சொல்லணும். நடிக்கச் சொல்லல, இருக்கறத மறைக்காதீங்கன்னு சொல்றேன்.

அந்த ஏஜெண்ட் விஷயம். விஏ அங்கீகாரம் இல்லாதவன் கிளைம் தயார் பண்ணிக் குடுக்கவே கூடாது, காசு வாங்கறது அப்புறம். மொத கிளைமுக்கு அங்கீகாரம் உள்ளவங்களே காசு வாங்கக் கூடாது, மொத முடிவு வந்ததுக்கப்புறம்தான் ஒப்பந்தம் போட்டு வாங்கலாம், அந்த ஒப்பந்தமும் விஏவுக்குப் போகணும். 20 சதவீதம் வரைக்கும் நியாயம்னு எடுத்துக்குவாங்க, மூணுல ஒரு பங்கத் தாண்டுனா அநியாயம்னு எடுத்துக்குவாங்க. நானும் அங்கீகாரம் வாங்கித்தான் இந்தத் தொழில் பண்றேன், அப்படியிருந்தும் சொல்றேன், தம்பி கேஸுக்கு காசு குடுத்து ஆள் வைக்க வேண்டியதில்ல. டிஏவி, விஎஃப்டபிள்யூ, அமெரிக்கன் லீஜன் மாதிரி முன்னாள் ராணுவத்தார் சங்கங்கள் ஃப்ரீயாவே செஞ்சி குடுக்கும், வெளிநாட்டுல இருந்தாலும் ஃபோன்லயும் ஈமெயில்லயும் பாப்பாங்க, ஃபாரம் 21-22-ல தம்பி கையெழுத்துப் போட்டா போதும். வாட்சாப் ஆள்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, விஏ அங்கீகாரப் பட்டியல்ல உங்க பேரு இருக்கான்னு. அந்தப் பட்டியல விஏ தளத்துல யாரும் தேடிப் பாக்கலாம். பேரு இல்லன்னா பேச்சு முடிஞ்சுது. தம்பியோட விஏ பாஸ்வேர்டயோ பேங்க் நம்பரயோ குடுத்துடாதீங்க, அதக் குடுத்தவங்க கதையெல்லாம் வட்டிக்கு விடற ஆலோங்கிட்ட ஐசிய அடகு வச்ச கதை மாதிரிதான் முடியுது. ஏற்கெனவே குடுத்திருந்தா இன்னைக்கே மாத்தச் சொல்லுங்க.

வரி கேட்டீங்க. விஏ ஊனக் காசுக்கு அமெரிக்காவுல வருமான வரி கெடையாது, மாசக் காசுக்கும் இல்ல, மொத்தமா வர்ற பேக் பேக்கும் இல்ல. நம்ம மலேசிய வரி இலாகா எல்எச்டிஎன் பக்கத்த சுங்கைப்பட்டாணியில ஒரு டேக்ஸ் ஏஜெண்ட்கிட்ட லெட்டரக் காட்டிக் கேட்டுக்குங்க. இப்ப மாசக் காசு விழற அதே பேங்க் அக்கவுண்ட்லதான் பேக் பேயும் ஒரே தடவையில விழும், சில நேரம் லெட்டருக்கு முன்னாடியே விழுந்துடும், பயந்துடாதீங்க. தம்பி மலேசியாவுல இருக்கறதால காசு கொறையாது.

கடைசியா, நீங்க கேக்கல, ஆனா முட்டிக்கு பினாங்குல ஊசி போட்ட பில்ல பத்தி ஒரு வரி எழுதியிருந்தீங்க. அந்த மாதிரி பில்லுக்கு விஏகிட்ட காசு கேக்கலாம். ஃபாரின் மெடிக்கல் புரோகிராம்னு ஒண்ணு இருக்கு, விஏ ஒத்துகிட்ட வியாதிக்கு வெளிநாட்டுல பண்ற வைத்தியச் செலவ அது திருப்பிக் குடுக்கும். தம்பி அதுல பேர் பதிஞ்சாரான்னு பாருங்க. பில்லுல தேதி, வியாதி பேரு, எதுக்கு எவ்ளோன்னு தனித்தனியா இருக்கணும், மொத்தம் இவ்ளோன்னு மட்டும் போட்ட ரசீது போதாது, ஆஸ்பத்திரியில கேட்டா விவரமா பிரிண்ட் எடுத்துக் குடுப்பாங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள அனுப்பிடணும். இடுப்புக்கு இன்னும் முடிவாகல, அதனால அந்த பில்லுங்கள இப்ப அனுப்பாம தனியா ஒரு ஃபைல்ல போட்டு வைங்க.